பொலேரோ: இப்போதே எடுப்பதா, காத்திருப்பதா, வேறு வண்டிக்குப் போவதா?

“பொலேரோவை நிறுத்தப் போறாங்களாமே, இப்ப புக் பண்ணினா மாட்டிக்குவோமா?” வண்டிகளைப் பற்றி எழுதுகிறவனிடம் இப்போது அடிக்கடி வரும் கேள்வி இது. கேட்பவர்களில் தோட்டம் வைத்திருப்பவர்கள் உண்டு, சிமென்ட் கடைக்காரர்கள் உண்டு, ஊருக்கும் டவுனுக்கும் அலைகிற கான்ட்ராக்டர்கள் உண்டு. கையில் பத்து லட்சத்தை ஒட்டிப் பணம் இருக்கிறது, ஏழு பேர் ஏறும் வண்டி வேண்டும். பொலேரோ பழகிய பெயர், ஆனால் அதன் காலம் முடிகிறதோ என்று பயம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாடல் நிற்குமா நிற்காதா என்பது இதில் பெரிய விஷயமே இல்லை. மூன்றாவது வரிசையில் யார் உட்காரப் போகிறார்கள், வண்டியை எத்தனை வருடம் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்ற இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொன்னால் முடிவு கிட்டத்தட்ட வந்துவிடும்.

## பேச்சு எங்கிருந்து வந்தது

2000ஆம் ஆண்டில் வந்த மஹிந்திரா வண்டி இது. பத்து லட்சத்துக்கும் மேல் விற்றிருக்கிறது. இரும்புச் சேஸிஸ் மேல் பாடி, பின்சக்கர இழுவை, பின்னால் பட்டை ஸ்பிரிங் என்ற அடிப்படை கால் நூற்றாண்டாக மாறவில்லை. 2025 ஆகஸ்ட் 15 அன்று மஹிந்திரா மும்பையில் நான்கு கான்செப்ட் வண்டிகளைக் காட்டியது: விஷன் டி, விஷன் எஸ், விஷன் எக்ஸ், விஷன் எஸ்எக்ஸ்டி. எல்லாமே ‘என்யூ ஐக்யூ’ என்ற ஒரே புது பிளாட்ஃபார்மில் (வண்டிகளின் பொது அடித்தளம்). 2027 முதல் இதிலிருந்து வண்டிகள் வரும் என்றார்கள். இவற்றில் ஒன்றுதான் அடுத்த பொலேரோ என்று ஊரே பேசுகிறது. கம்பெனி அப்படிச் சொல்லவில்லை, பழைய பொலேரோவுக்குக் கடைசித் தேதியும் குறிக்கவில்லை.

அரசாங்கத்தின் பக்கமிருந்தும் ஒரு நெருக்கடி. 2027 ஏப்ரலில் கஃபே விதிகளின் மூன்றாம் கட்டம் தொடங்குகிறது. ஒரு கம்பெனி விற்கும் மொத்த வண்டிகளின் சராசரிப் புகை அளவுக்கு அது வரம்பு வைக்கிறது. தனி வண்டிக்குத் தடை கிடையாது. சராசரிக் கணக்கு என்பதால், எலக்ட்ரிக் வண்டி விற்கும் கம்பெனியால் டீசலையும் கொஞ்ச காலம் ஓட்ட முடியும்.

இன்னொரு பக்கம், 2025 அக்டோபரில்தான் பொலேரோவுக்கு முகப்பை மாற்றி, பி8 என்ற புது வேரியன்ட்டில் டச் ஸ்கிரீன் வைத்து, 7.99 லட்சத்திலிருந்து 9.69 லட்சம் வரை எக்ஸ்-ஷோரூம் விலை போட்டு இறக்கினார்கள். சீக்கிரம் மூடப் போகிற கடைக்கு யாரும் வெள்ளையடிக்க மாட்டார்கள்.

மஹிந்திராவின் பழக்கத்தையும் பாருங்கள். 2021இல் டியூவி300ஐ மாற்றி பொலேரோ நியோ என்று பெயர் வைத்தபோது, பழையது போய்விடும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். இரண்டும் பக்கத்துப் பக்கத்திலேயே விற்றன. 2022இல் ஸ்கார்பியோ-என் வந்தபோதும், பழைய ஸ்கார்பியோ ‘கிளாசிக்’ என்ற பெயரில் தொடர்ந்தது. எப்போதும் இப்படியே நடக்கும் என்றும் சொல்ல முடியாது. அதே மஹிந்திராவின் மராசோ சத்தமில்லாமல் காணாமல் போனது. ஆனால் மராசோ விற்காத வண்டி, பொலேரோ அப்படி இல்லை.

## எதை வைத்து எடைபோடுவது

மூன்றாவது வரிசை. பொலேரோவின் பின்னால் இருப்பவை ஒன்றையொன்று பார்க்கும் இரண்டு மடக்கு இருக்கைகள். வளர்ந்த இருவர் உட்கார்ந்தால் முட்டியும் முட்டியும் இடிக்கும். நேர் சாலையில் சமாளிக்கலாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பக்கவாட்டில் உட்கார்ந்து ஏறிப் பாருங்கள், ஒவ்வொரு வளைவிலும் ஒருவர் எதிரே இருப்பவர் பக்கம் சாய்வார், இன்னொருவர் முதுகுக்குப் பின்னால் உள்ள ஜன்னலில் அழுந்துவார். பாதி வழியில் பாலிதீன் பை கேட்பார்கள். வண்டியின் நீளம் குறைந்ததற்குக் காரணம் வரி. 2016இல் பவர் பிளஸ் என்ற பெயரில் வந்தபோது நீளத்தை நான்கு மீட்டருக்குள், 3,995 மி.மீட்டருக்குச் சுருக்கினார்கள், 2.5 லிட்டர் இன்ஜினை 1.5 லிட்டர் ஆக்கினார்கள். சிறிய டீசல் வண்டிக்கான குறைந்த வரியில் அடங்குவதற்குத்தான் இவ்வளவும். அந்த இருக்கைகளை மடக்கிவிட்டால் உர மூட்டை, பம்ப் செட், வாழைத்தார் எல்லாம் ஏறும். பொலேரோவின் உண்மையான பயன் அங்கேதான் இருக்கிறது.

எத்தனை வருடம். நான்கைந்து வருடத்தில் மாற்றுபவருக்கு மறுவிற்பனை விலைதான் முக்கியம். அவர் விற்க நிற்கும் நேரத்தில் புது வடிவம் ஷோரூமில் இருக்கும், எனவே அவர் கவலைப்படுவதில் நியாயம் உண்டு. பன்னிரண்டு பதினைந்து வருடம் வைத்து ஓட்டுபவருக்கு மாடல் நின்றால் என்ன, நிற்காவிட்டால் என்ன? உதிரிபாகம் கிடைத்தால் போதும்.

உதிரிபாகத்தில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். மாடல் நிற்பது வேறு, கம்பெனியே கிளம்பிப் போவது வேறு. 2005இல் இன்னோவா வந்ததும் டொயோட்டா குவாலிஸை நிறுத்தியது. குவாலிஸ் இன்றும் நம் சாலைகளில் ஓடுகிறது. தவேரா வைத்திருந்தவர்களின் கதை வேறு, ஜெனரல் மோட்டார்ஸ் 2017 கடைசியில் இந்தியாவில் விற்பனையையே நிறுத்தியது. நம் மறைமலைநகரில் தயாரான எண்டெவரும் மூன்று வரிசை எஸ்யூவிதான். 2021 செப்டம்பரில் ஃபோர்டு தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்ததும் அதன் மறுவிற்பனை என்ன ஆகும் என்ற பேச்சுதான் எங்கும். பொலேரோ நின்றாலும் அது குவாலிஸ் வகை முடிவாகத்தான் இருக்கும்.

ஆன்ரோடு கணக்கு. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து கார்களுக்கான வாழ்நாள் வரி 5 லட்சம் முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம். அந்த 10 லட்சக் கோட்டைப் பலர் கவனிப்பதில்லை. 9.69 லட்சம் வண்டிக்கு வரி சுமார் 1.26 லட்சம். 10.70 லட்சம் வண்டிக்கு 1.93 லட்சம். வண்டி விலையில் ஒரு லட்சம் கூடினால் வரியில் இன்னொரு 67 ஆயிரம் சேர்கிறது. 10 லட்சத்துக்கு மேல் ஒரு சதவீத டிசிஎஸ்ஸும் (விற்பவர் முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள், அதை வருமான வரிக் கணக்கில் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

பாதுகாப்பு. இதை ஒதுக்கிவிட்டு வண்டி வாங்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஒதுக்காதீர்கள், கீழே பொலேரோ, நியோ, எர்டிகா மூன்றிலும் சொல்கிறேன்.

## ஒரே பார்வையில்

| | பொலேரோ | பொலேரோ நியோ | மாருதி எர்டிகா | பழைய இன்னோவா கிரிஸ்டா |
|---|---|---|---|---|
| இன்ஜின் | 1.5 டீசல், 75 குதிரைத்திறன் | 1.5 டீசல், 100 குதிரைத்திறன் | 1.5 பெட்ரோல், சிஎன்ஜியும் உண்டு | 2.4 டீசல், 150 குதிரைத்திறன் |
| நீளம் | 4 மீட்டருக்குள் | 4 மீட்டருக்குள் | 4.4 மீட்டரை ஒட்டி | 4.7 மீட்டருக்கு மேல் |
| மூன்றாம் வரிசை | பக்கவாட்டு இருக்கை | பக்கவாட்டு இருக்கை | முன்பார்த்த இருக்கை | முன்பார்த்த, தாராளமான இருக்கை |
| வாழ்நாள் வரி | 13% | 13% | வேரியன்ட்டைப் பொறுத்து 13% அல்லது 18% | ஏற்கெனவே கட்டியாயிற்று (தமிழ்நாட்டு வண்டியானால்) |
| எங்கே பொருந்தும் | மண்சாலை, சுமை | மண்சாலையோடு பைபாஸும் | குடும்பம், டவுன், நெடுஞ்சாலை | நீண்ட பயணம், ஏழு பெரியவர்கள் |

## பொலேரோவை இப்போதே எடுப்பது

2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி மாறியதில் அதிக லாபம் பார்த்த வண்டிகளில் இது ஒன்று. 1,500 சிசிக்கும் நான்கு மீட்டருக்கும் உட்பட்ட டீசலுக்கு 31 சதவீதமாக இருந்த வரி 18 ஆனது. விலை இறங்கியிருக்கும் இந்த நேரம் வாங்குபவருக்குச் சாதகம்.

இந்த வண்டியின் பலம் பட்டறையில் தெரியும். எந்தத் தாலுகா ஊரிலும் இதன் கிளட்ச் பிளேட்டும் பிரேக் ஷூவும் கிடைக்கும், பட்டை உடைந்தால் மாற்றத் தெரிந்த ஆள் இருப்பார். பாடி நெளிந்தால் டிங்கரிங் கடையில் தட்டி எடுத்துவிடுவார்கள். சென்சாரும் கேமராவும் வைத்த பம்பரில் அது நடக்காது. டிராக்டர் தடத்தில் தினம் போகிறவருக்கு இதன் அருமை புரியும்.

இனி மறைந்திருக்கும் செலவுகள். முதலாவது எரிபொருள். ‘டீசல் என்றால் மிச்சம்’ என்பது பழைய கணக்கு. கம்பெனி சொல்லும் மைலேஜ் லிட்டருக்கு 16. டீசல் 92 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 5 ரூபாய் 75 காசு. எர்டிகா பெட்ரோல் 20.3 என்கிறார்கள். பெட்ரோல் 101 ரூபாய் என்று வைத்தாலும் கிலோமீட்டருக்கு 5 ரூபாயைத் தாண்டவில்லை. இரண்டுமே கம்பெனிக் கணக்கு, ஓட்டும்போது இரண்டும் குறையும். பெட்ரோல் வண்டி சுமையில் இன்னும் கூடுதலாகவே குடிக்கும். ஆனாலும் டீசலுக்காக மட்டும் பொலேரோ எடுக்கிறேன் என்றால் அதில் லாபமில்லை.

இரண்டாவது டிபிஎஃப். பிஎஸ்-6 (இப்போதைய புகை விதி) டீசல் எதிலும் சைலன்சர் வழியில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் உண்டு. அது தன்னைச் சுத்தம் செய்துகொள்ள வண்டி கொஞ்ச நேரம் சூடாக, ஒரே வேகத்தில் ஓட வேண்டும். வீட்டிலிருந்து கடை, கடையிலிருந்து பள்ளிக்கூடம் என்று இரண்டு கிலோமீட்டர் மூன்று கிலோமீட்டராக மட்டும் ஓட்டினால் அடைத்துக்கொள்ளும், எச்சரிக்கை விளக்கு எரியும், சர்வீஸ் சென்டருக்கு அலைய வேண்டும்.

பாதுகாப்பில் இரண்டு ஏர்பேக், ஏபிஎஸ், அவ்வளவுதான். 75 குதிரைத்திறன் வண்டியை நான்குவழிச் சாலையில் நூறுக்கு மேல் விரட்டுவது அதற்கும் நல்லதல்ல, உள்ளே இருப்பவர்களுக்கும் நல்லதல்ல.

யாருக்கு: வண்டியைத் தேயும்வரை வைத்திருப்பவர், பாதி நாள் ஆளும் பாதி நாள் சுமையும் ஏற்றுபவர், மூன்றாவது வரிசையை எப்போதாவது மட்டும் விரிப்பவர். அவர்கள் தயங்க வேண்டியதில்லை.

## புது வடிவத்துக்குக் காத்திருப்பது

காத்திருப்பவர்கள் நினைப்பது, இதே பொலேரோ இன்னும் நன்றாக வரும் என்று. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. என்யூ ஐக்யூ பிளாட்ஃபார்ம் முன்சக்கர இழுவைக்கும் நான்கு சக்கர இழுவைக்கும் இடம் கொடுக்கும் ஒன்று. அதில் வருவது ஓட்டச் சொகுசாகவும் பாதுகாப்பாகவும் இருக்கலாம், குடும்பங்களுக்குப் பிடிக்கலாம். ஆனால் பெயர்ப்பலகை பொலேரோ என்றே இருந்தாலும், அது மூட்டை ஏற்றும் அந்த வண்டியாக இருக்குமா என்பது வேறு கேள்வி. அதே விலையில் வரும் என்றும் நான் எதிர்பார்க்கவில்லை, 10 லட்சக் கோட்டைத் தாண்டினால் வரி என்ன செய்யும் என்று மேலே பார்த்தோம்.

அப்புறம், புத்தம்புது பிளாட்ஃபார்மின் முதல் வருட வண்டியை எடுப்பதில் எனக்கு எப்போதும் தயக்கம் உண்டு. சாஃப்ட்வேர், எலக்ட்ரிகல் தொல்லைகள் எல்லாம் முதல் ஆயிரம் பேர் தலையில்தான் விடியும். 2027 என்று சொன்னால் நீங்கள் நிம்மதியாக வாங்கக்கூடிய நேரம் 2028. அதுவரை இருக்கிற பழைய வண்டிக்கு இன்சூரன்ஸ், டயர், பேட்டரி, பட்டறைச் செலவு என்று காத்திருப்புக்கும் ஒரு விலை உண்டு.

இப்போது ஓடும் வண்டி நன்றாக இருக்கிறது, அவசரம் இல்லை, ஐந்து வருடத்தில் மாற்றும் பழக்கம், ஏர்பேக்கும் மோதல் சோதனை ஸ்டாரும் பார்த்துத்தான் வாங்குவேன் என்பவர்கள் காத்திருக்கலாம். வண்டி இல்லாமல் வேலை நின்று போகிறவர்கள் கூடாது.

## பொலேரோ நியோ

பெயரில் பொலேரோ, ரத்தத்தில் டியூவி300. அதே மூன்று சிலிண்டர் 1.5 டீசல், ஆனால் 100 குதிரைத்திறன். பைபாஸில் லாரியைத் தாண்டும்போது அந்த வித்தியாசம் தெரியும். 2025 அக்டோபரில் விலை 8.49 லட்சத்தில் தொடங்கி 10 லட்சத்துக்குச் சற்று முன்னால் நின்றது, அந்த வரிக்கோட்டை மனதில் வைத்தே போட்டிருப்பார்கள் போலும். மூன்றாம் வரிசைக்கு மேலே சொன்ன அதே குறைதான்.

பெரிய கறை ஒன்று இருக்கிறது. 2024 ஏப்ரலில் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் இதற்கு ஐந்துக்கு ஒரே ஒரு ஸ்டார்தான் கிடைத்தது. பழைய பொலேரோவைவிட வேகமாக ஓடும் வண்டிக்கு இது போதாது. பழைய பொலேரோவின் எளிமையும் இல்லாமல், குடும்ப வண்டியின் வசதியும் இல்லாமல் நடுவில் நிற்கும் வண்டி என்றே எனக்குப் படுகிறது. வேலைக்கு நெடுஞ்சாலையும் மண்சாலையும் சரிபாதியாகப் போகிறவருக்கு மட்டும் பரிந்துரைப்பேன்.

## எர்டிகா

எஸ்யூவி கேட்டவனிடம் எர்டிகாவா என்று முகம் சுளிக்காதீர்கள். வீட்டில் ஏழு பேர், மாதம் ஒருமுறை குலதெய்வக் கோயில், வருடம் ஒருமுறை பழனி என்றால் உங்களுக்கு எஸ்யூவி தேவையே இல்லை. மூன்றாவது வரிசை முன்னோக்கி இருக்கிறது. பிள்ளைகளும் நடுத்தர உயரக்காரர்களும் மதுரை வரை புலம்பாமல் வருவார்கள். பின்னால் இருப்பவர்களுக்குத் தனி ஏசி துவாரம் உண்டு, மே மாதம் பின்னால் உட்கார்ந்தவர்களைக் கேட்டால் அதன் மதிப்பைச் சொல்வார்கள்.

நான்கு மீட்டருக்கு மேல் போவதால் ஜிஎஸ்டி 40 சதவீதம். ஜிஎஸ்டி மாறிய பிறகும் சிஎன்ஜி வேரியன்ட் 10 லட்சத்தைத் தாண்டுவதால் வாழ்நாள் வரியும் 18க்கு ஏறுகிறது. ஆனால் சிஎன்ஜியின் கணக்கே தனி. கிலோவுக்கு 26.11 கிலோமீட்டர் என்கிறது கம்பெனி. கிலோ 90 ரூபாய் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 45 காசு. மாதம் இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடுபவர் கூடுதல் விலையைச் சீக்கிரமே எடுத்துவிடுவார். அதற்கு விலை, பின்னால் சாமான் வைக்கும் இடம்: சிலிண்டர் அங்கே உட்கார்ந்துவிடும், ஏழு பேர் ஏறினால் பெட்டிகள் கூரைக்குத்தான். உங்கள் வழியில் சிஎன்ஜி பங்க் இருக்கிறதா, அங்கே வரிசை எவ்வளவு நீளம் என்று நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பாதுகாப்பில் இதுவும் யோக்கியம் இல்லை. 2024இல் ஆப்பிரிக்கச் சந்தைக்கான எர்டிகாவுக்கு குளோபல் என்கேப் பெரியவர் பாதுகாப்பில் ஒரு ஸ்டார்தான் கொடுத்தது. இங்கே 2025 ஜூலையிலிருந்து எல்லா வேரியன்ட்டிலும் ஆறு ஏர்பேக் வந்திருக்கிறது. ஏர்பேக் கூடியதால் பாடியின் கட்டுமானம் மாறிவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள். வயல் வரப்பில் இறக்கும் வண்டியும் இது இல்லை, முன்பம்பர் முதல் வாரமே போய்விடும்.

## செகண்ட் ஹேண்ட் இன்னோவா கிரிஸ்டா

2016இல் வந்த கிரிஸ்டாவின் கதையே மாடல் நிற்கும் பேச்சுக்கு நல்ல பாடம். 2022 கடைசியில் அடுத்த இன்னோவாவான ஹைகிராஸ் வந்தபோது டீசல் கிரிஸ்டா நின்றுவிட்டது என்றார்கள். கேட்டவர்கள் விடவில்லை, 2023இல் அதே டீசல் மேனுவல் வண்டியை டொயோட்டா திரும்பக் கொண்டுவந்தது. புதிது வந்ததால் பழையதன் மவுசு குறையவில்லை. அதனால்தான் பழைய கிரிஸ்டா மலிவாகக் கிடைப்பதும் இல்லை.

பத்துப் பன்னிரண்டு லட்சத்தில் கிடைப்பது பெரும்பாலும் ஏழெட்டு வருட வண்டியாக இருக்கும். எவ்வளவு ஓடியது என்பதை மீட்டரை நம்பி முடிவு செய்யாதீர்கள். சர்வீஸ் ரெக்கார்டு, டயரின் தயாரிப்பு வருடம், பெடல் ரப்பரின் தேய்மானம், டிரைவர் சீட்டின் ஓரம் இவை நான்கும் சேர்ந்துதான் உண்மையைச் சொல்லும். ஆர்.சி.யில் முன்பு டாக்ஸியாக ஓடியதா, ஹைபோதிகேஷன் (கடனுக்கான அடமானப் பதிவு) நீங்கியதா, எத்தனையாவது கை என்று பாருங்கள். புதுச்சேரி, கேரளப் பதிவு வண்டி விலை குறைவாகத் தெரியும். என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி இங்கே வரி கட்டி மாற்றிய பிறகு அந்தக் குறைவில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று முன்பே கணக்குப் போடுங்கள். பழைய வண்டிக் கடனுக்கு வட்டியும் கூடுதல். பதிவின் 15 வருடத்தில் எவ்வளவு மீதி இருக்கிறது என்பதும் முக்கியம், அதன் பிறகு எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று), பசுமை வரி, புதுப்பிப்புக் கட்டணம் எல்லாம் வரிசையாக வரும்.

இவ்வளவும் சரியாக இருந்தால், ஏழு பெரியவர்கள் ராமேஸ்வரம் போய்த் திரும்ப இந்தப் பட்டியலில் இதைவிட நல்ல வண்டி இல்லை.

## பட்டியலில் வராத சில பெயர்கள்

ஸ்கார்பியோ கிளாசிக்கைப் பலரும் கேட்பார்கள். 2.2 லிட்டர் இன்ஜின், நான்கு மீட்டருக்கு மேல் நீளம், அதனால் 40 சதவீத ஜிஎஸ்டி. ஆன்ரோடு விலை பொலேரோ பட்ஜெட்டுக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விடும். ஒரகடத்தில் தயாராகும் ரெனோ டிரைபர் நான்கு மீட்டருக்குள் ஏழு பேரை முன்னோக்கி உட்கார வைக்கும் கெட்டிக்கார வண்டி, மூன்றாவது வரிசையைக் கழற்றி வீட்டில் வைத்துவிடலாம். ஒரு லிட்டர் இன்ஜின் ஏழு பேரோடு ஏற்காடு ஏறும்போது மூச்சு வாங்கும். டவுனுக்குள் ஓட்டும் சின்னப் பட்ஜெட்காரர்கள் பார்க்கலாம்.

## பொலேரோ என்று முடிவானால்

பேரம் பேசும் இடம் விலை மட்டுமல்ல. மாடல் மாறப் போகிறது என்ற பேச்சு உங்களுக்கே சாதகம், அதைச் சொல்லியே ஆக்சஸரி, எக்ஸ்டெண்டட் வாரன்டி, எக்ஸ்சேஞ்ச் போனஸ் கேளுங்கள். இன்சூரன்ஸை ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, வெளியே ஒரு விலை வாங்கி வைத்துக்கொண்டு பேசுங்கள். ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’ என்று ஒரு வரி பில்லில் இருந்தால் அது எதற்கு என்று கேளுங்கள், பெரும்பாலும் கேட்டவர்களுக்கு நீங்கிவிடும்.

முன்பணம் தவிர மீதிப் பணம் கட்டும் முன் யார்டுக்குப் போய் உங்களுக்கு ஒதுக்கிய வண்டியையே பாருங்கள். சேஸிஸ் எண்ணை எழுதி வாங்கி, அது எந்த மாதம் தயாரானது என்று ஷோரூமில் எழுத்தில் கேளுங்கள். ஜனவரியில் பதிவு செய்தாலும் தயாரிப்பு போன வருடம் என்றால், விற்கும்போது ஒரு வருடம் பழையதாகவே மதிப்பிடுவார்கள். அப்படிப்பட்ட வண்டியைத் தள்ளிவிடப் பார்த்தால் அதற்கேற்ற தள்ளுபடியைக் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் அடுத்த லாட் வரும்வரை இருங்கள்.